அவிழ்க்கும் கை

மரம் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னபோது தங்கவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பின்னே வராதா? பத்தொன்பது வயதில் ஏற ஆரம்பித்தவன். கருக்குமலை எஸ்டேட்டில் நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் அவன் கால் படாத மரம் என்று ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். மழைக்கு முன்னால் தேயிலைக்கு வெயில் விழ வேண்டும் என்று நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். அதுதான் அவன் வேலை. இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறுவான், கழிப்பான், இறங்குவான், அடுத்த மரத்துக்குப் போவான். இருபத்தைந்து வருடம் இப்படிப் போனது. நாற்பத்து நாலு வயதில் அவனை நிற்க வைத்து, உனக்கு மரம் ஏற ஒரு மாதம் ட்ரெயினிங் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

சொன்னவர் ஜெகதீசன். புது முதலாளி கோயமுத்தூரிலிருந்து அனுப்பி வைத்த மேனேஜர். தேயிலைக்கு இல்லை, பங்களாவுக்கு.

பச்சை இலை விலை விழுந்து அது நாலாவது வருடம். கோத்தகிரி பக்கத்தில் பாதி ஃபேக்டரிகளில் புகை வருவதில்லை. ஒரு கிலோ இலையைப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடையில் ஒரு டீ குடிக்கக்கூடக் காணாது என்று தோட்டம் வைத்திருந்தவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். கருக்குமலையில் முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி யாரும் அனுப்பவில்லை. பழைய முதலாளி எஸ்டேட்டைக் கைகழுவிவிட்டுப் போனார். வாங்கினவர் கெட்டிக்காரர். தேயிலை இனிமேல் பறிப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு என்று முடிவு செய்துவிட்டார். துரை பங்களாவுக்கு வெள்ளையடித்து, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் தங்குவதற்கு அறைகள் போட்டார். பங்களாவுக்கு முன்னால் நிற்கும் பெரிய காட்டு நாவல் மரத்தில் கயிறு கட்டி விருந்தாளிகளை ஏற்றி இறக்கப் போகிறார்களாம். அதற்குக் காசு கொடுத்து ஆட்கள் வருவார்களாம். இத்தனை வருடம் மரம் ஏறினதற்குக் கூலி வாங்கினவனுக்கு இது மண்டையில் ஏறுமா?

மரத்தில் விருந்தாளிகளோடு கூட ஏறிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள். அந்த வேலைக்காகத் தங்கவேலு உயிரைக்கூடக் கொடுப்பான். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பங்களாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் இனி எஸ்டேட் லயத்து வரிசையில் வீடு, மற்றவர்கள் தை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். லயத்தில் பாதி வீடுகள் ஏற்கெனவே திருப்பூர் பனியன் கம்பெனிகளைப் பார்த்துப் போய்விட்டன. தங்கவேலுவின் மகள் பிரியா பங்குனியில் பத்தாவது பரீட்சை எழுதப் போகிறாள். தையில் கிளம்பினால் பரீட்சை என்னவாகும்? பதினொரு வயதில் கண்டியிலிருந்து கப்பலேறி அப்பாவோடு இந்த லயத்துக்கு வந்து சேர்ந்தவன் அவன். அன்றைக்கும் அவனுடைய ஐந்தாம் வகுப்புப் பாதியில்தான் மூட்டை கட்டினார்கள். அப்புறம் அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவே இல்லை.

"போய்க் கத்துக்கங்க. மரம் ஏறத் தெரியாதுன்னே நெனச்சுக்கங்க. என்ன கொறஞ்சு போகுது?" என்றாள் அவன் மனைவி சின்னம்மை. அவள் அப்போது படுகர்களின் கேரட் தோட்டங்களில் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்குள் கிளம்பி ஜீப்பில் நின்றுகொண்டே இத்தலார் வரைக்கும் போகிறவளுக்கு மானம் ரோஷமெல்லாம் பேச நேரம் ஏது.

சரியென்று போனான்.

கற்றுக்கொடுக்க வந்தவள் பெயர் ராபியா. ஊட்டி மார்க்கெட்டில் வெற்றிலை மண்டி வைத்திருக்கும் தாவூத் பாயின் மகள். வயது முப்பத்தொன்று. காலேஜ் படிக்கும்போதே பாறை ஏறப் பழகி, வடக்கே மலையேற்றப் பள்ளிக்கூடத்தில் படித்து, வெளிநாட்டில் மரமேற்றம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். பன்னிரண்டு வருடமாகக் கயிற்றில் தொங்குகிறவள் என்று ஜெகதீசன் அறிமுகம் செய்துவைத்தார். தலையில் கட்டிய துணிக்கு மேல் ஹெல்மெட், இடுப்பிலும் தொடையிலும் சுற்றின பட்டை, அதில் கலகலவென்று கொக்கிகள். அவளைப் பார்த்ததும் தங்கவேலு உள்ளுக்குள் முணுமுணுத்தான். இந்தப் பொண்ணு எனக்குச் சொல்லித் தரப்போகுதாக்கும்.

அவனோடு இன்னொருவனும் கற்றுக்கொள்ள வந்திருந்தான். தினகரன். ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன், முப்பது வயது, கைக்குழந்தைக்காரன். கொய்யா மரம்கூட ஏறினதில்லை. அவன் வந்ததைப் பார்த்ததும் தங்கவேலுவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவனோடு போட்டி என்றால் வீடு நமக்குத்தான்.

முதல் நாள் ராபியா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கவேலு வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை உதறிவிட்டு, நாவல் மரத்தின் பாதி உயரத்துக்குப் போய்விட்டான். போய் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்தான். கொஞ்சம் கெத்துதான். ராபியா கைதட்டினாள். கேலியாக இல்லை, நிஜமாகவே தட்டினாள்.

"அருமையா ஏறுறீங்கண்ணே. நான் பாத்ததுலயே நீங்கதான் பெஸ்ட்டு. எறங்கி வாங்க, இனிமே இப்பிடி ஏறக் கூடாது."

கையளவு மணல் பையை மெல்லிய நூலில் கட்டி, கீழிருந்தே வீசி, உயரத்தில் தான் குறிவைத்த கிளையின் மேல் விழச் செய்தாள். அந்த நூலோடு பெரிய கயிற்றைக் கட்டி இழுத்துக் கிளைமேல் போட்டாள். ஒரு முனை ஏறுகிறவனின் இடுப்புப் பட்டையில் கொக்கியோடு சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சை மேலே தள்ளினால் நகரும், எடையைக் கொடுத்தால் இறுகி நிற்கும். காலால் கயிற்றை மிதித்து எழும்ப வேண்டும், முடிச்சைத் தள்ள வேண்டும், உட்கார வேண்டும். மரத்தைத் தொடவே வேண்டாம்.

அங்கேதான் தங்கவேலுவுக்குச் சிக்கல். அவனுக்கு மரத்தைத் தொடாமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, எடைய பூரா கயித்துல குடுங்க. கைய எடுங்க."

"எடுத்துட்டனுங்க."

"ஒரு கை இன்னும் மரத்துல இருக்கு."

பார்த்தால், இருக்கும். அவனுக்கே தெரியாமல் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தில் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும் என்பது அவன் உடம்பு தானாகப் படித்த பாடம். தினகரனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவன் பயந்தாங்கொள்ளி. மரம் என்றாலே பயம், அதனால் கயிறுதான் அவனுக்குத் தெய்வம். சொன்னதை அப்படியே செய்தான், தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி பட்டையில் உட்கார்ந்தான், பேசாமல் மேலே போனான். தங்கவேலுவுக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டாம் நாள் ராபியா ஒரு விஷயம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன தப்பு வேணா பண்ணுங்க, திருத்திக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான். தரையில கால் படற வரைக்கும் இந்தக் கொக்கியை அவுக்கக் கூடாது. உங்களுதும் சரி, கூட வர்ற கெஸ்ட்டுதும் சரி. அவுத்தா அன்னையோட முடிஞ்சுது. அதுக்கு மட்டும் ரெண்டாவது சான்ஸ் எங்கிட்ட கெடையாது."

"அதெப்படிங்க அவுப்பாங்க, பைத்தியமா?" என்றான் தினகரன்.

தங்கவேலுவுக்குச் சங்கிலியின் நினைவு வந்துவிட்டது.

சங்கிலி அவன் கூட்டாளி. இருவரும் சேர்ந்துதான் மரம் கழிப்பார்கள். ஒருநாள் மழைப் பாசியில் கால் வழுக்கித் தப்பிப் பிழைத்ததிலிருந்து சங்கிலிக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. எஸ்டேட்டில் கேட்டான், ஒரு கயிறு கொடுங்கள் என்று. கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பர்லியாரில் மாமனார் வீட்டுக் கிணற்றிலிருந்து பழைய தேங்காய் நார்க்கயிற்றைக் கொண்டு வந்து, இடுப்பைச் சுற்றி மரத்தோடு கட்டிக்கொண்டு கழிக்க ஆரம்பித்தான். பதினைந்தாம் நம்பர் தேயிலைக் காட்டில், நல்ல காற்று நாளில், பாதி வெட்டின கிளை முறிந்து மரப்பட்டையில் தொங்கியது. கயிற்றின் மிச்ச வால் அந்தக் கிளையின் கவட்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. கிளை கனத்தில் இறங்க இறங்கக் கயிறு சங்கிலியை இழுத்தது. அவிழ்த்து விடு, அவிழ்த்து விடு என்று கத்தினான். தங்கவேலு அதே மரத்தில், கை எட்டுகிற தூரத்தில் இருந்தான். கத்தியும் இருந்தது. அவன் இரண்டு கைகளும் மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தன. ஒரு கையை எடுத்திருந்தால் போதும். எடுக்க வரவில்லை. மரத்தைச் சுற்றின இடத்தில் பழைய கயிறு அறுந்தது, கிளை போயிற்று, அதோடு சங்கிலியும் போனான்.

விசாரிக்க வந்தவர்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். இந்தக் கயிறு எஸ்டேட் கொடுத்ததா? இல்லை என்று சொன்னவுடன் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கயிறு கொடுக்காத குற்றம் கயிறு கட்டினவன் குற்றமாக மாறினது இப்படித்தான். பன்னிரண்டு வருடம் ஆகிறது. சத்தம் கேட்டவுடன் ஒரு கையை எடுத்து அவனை அவிழ்த்துவிடுவதைத் தங்கவேலு எத்தனையோ முறை செய்து பார்த்துவிட்டான். படுத்துக்கொண்டு, நடந்துகொண்டு, சோறு தின்றுகொண்டு. மனதுக்குள்தான்.

இதையெல்லாம் அவன் ராபியாவிடம் சொல்லவில்லை. வேலை கேட்டு வந்தவன் இதையெல்லாமா சொல்வான்?

கொக்கியைத் திறந்து மூடுவது சின்ன வேலை, ஆனால் முதலில் கை தடுமாறும். அதன் வாயில் ஒரு திருகு இருக்கிறது. திருகைத் திருப்பினால்தான் வாய் திறக்கும். பார்க்காமலே திறந்து மூடத் தெரிய வேண்டும், குளிரில் விறைத்த விரலோடும் தெரிய வேண்டும், எந்தச் சத்தம் கேட்டாலும் கை முதலில் கொக்கியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு கொக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகச் சொன்னாள். தங்கவேலு அதை மடியிலேயே வைத்துக்கொண்டான். சின்னம்மை அடுப்பு மூட்டும்போது கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு டிக், டிக் என்று திறந்து மூடுவான். கதவுச் சங்கிலியில் மாட்டுவான், கழற்றுவான். பிரியாவின் ஸ்கூல் பையில் மாட்டுவான்.

"புதுப் பொண்டாட்டி மாதிரி இத இடுப்புலயே வெச்சிருக்காரு" என்று சின்னம்மை மகளிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்புக் கேட்டு வெகு நாள் ஆகியிருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு கையால் திறக்க வந்துவிட்டது. மற்றவர் இடுப்பில் இருக்கிற கொக்கியையும் இரண்டு நொடியில் திறந்து மூடினான். ராபியாவே அசந்து போனாள். "என்னை விட வேகமா பண்றீங்கண்ணே" என்றாள்.

அந்த வாரம்தான் கையும் மரத்தை விட்டது. எப்படி என்று அவனுக்கே தெரியாது. ஐம்பது அடி உயரத்தில், காற்றில், பட்டையில் உட்கார்ந்திருந்தான். குனிந்து பார்த்தால் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. லயத்துத் தகரக் கூரைகளும், புகையில்லாத ஃபேக்டரிச் சிம்னியும், வெட்டாமல் விட்டதால் ஆள் உயரத்துக்குக் காடாகப் போய்விட்ட தேயிலையும் தெரிந்தன. இருபத்தைந்து வருடத்தில் மரத்தின் மேலிருந்து அவன் எதையும் வேடிக்கை பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. உடனேயே கயிற்றை விரலால் நெருடிப் பார்த்தான்.

"இந்தக் கயிறு என்ன கனம் தாங்குமுங்க?" என்று கீழே வந்ததும் ராபியாவிடம் கேட்டான்.

"ரெண்டு டன்னுக்கு மேலயே தாங்கும். ஏண்ணே?"

"சும்மாதானுங்க."

விளையாடுகிறவனுக்கு இரண்டு டன் தாங்குகிற கயிறு, தலைக்கு ஹெல்மெட். பிழைக்க ஏறினவனுக்குக் கிணற்றுக் கயிறு. இதை யாரிடம் போய்க் கேட்பது?

தை பத்தாம் தேதி பரீட்சை வைத்தார்கள். ராபியாதான் விருந்தாளி. ஒன்றும் தெரியாத விருந்தாளி மாதிரி நடந்துகொள்வேன், நீங்களே கொக்கி மாட்டி, மேலே கூட்டிக்கொண்டு போய், பெரிய கிளையில் நிற்க வைத்து, பத்திரமாக இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஜெகதீசன் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் தினகரன். மெதுவாகப் போனான், பாதியில் குரல் நடுங்கியது, முடிச்சை ஒருமுறை தப்பாகப் பிடித்துத் திருத்திக்கொண்டான். முக்கி முனகி இறக்கிவிட்டான். ஜெகதீசன் கொட்டாவி விட்டார்.

அடுத்து தங்கவேலு. அவன் போனதைப் பார்த்து பங்களாச் சமையல்காரர்கூட வெளியே வந்து நின்றார். பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளில் இருவரும் ஏறினார்கள். எங்கே கால் வைக்க வேண்டும், எப்போது மூச்சு வாங்க வேண்டும் என்று அவன் பணிவாகச் சொல்லிக்கொண்டே போனான். ராபியா வேண்டுமென்றே காலை உதறினாள், பயந்த மாதிரி நடித்தாள். அவன் பதறவே இல்லை. "மெதுவா வாங்க, அவசரமே இல்லீங்க" என்றான். நாற்பது அடியில் அந்தப் பெரிய கிளை வந்தது. இருவரும் அதன் மேல் நின்றார்கள். நின்றதால் எடை கயிற்றில் இல்லை, கயிறுகள் தளர்ந்து தொங்கின. வேலை முடிந்த மாதிரிதான். இனி இறங்க வேண்டியதுதான். ராபியா முகத்தை உயர்த்தி, விருந்தாளி வேஷத்திலேயே, "மேல எவ்ளோ அழகா இருக்கு" என்றாள்.

அப்போது படார் என்று முறிகிற சத்தம் கேட்டது.

தங்கவேலு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கதையே இல்லை. இடது கை மரத்தைக் கட்டிக்கொண்டது. வலது கை தன் கொக்கியைத் திருகித் திறந்தது. அடுத்து ராபியாவின் இடுப்புக்குப் போய் அவள் கொக்கியையும் திறந்தது. கயிற்றை உதறித் தள்ளிவிட்டு அவளை மரத்தோடு சேர்த்து அணைத்து அழுத்திக்கொண்டான். எல்லாம் சேர்ந்து நாலு நொடி இருக்குமா. பன்னிரண்டு வருடமாக மனதுக்குள் செய்து செய்து பார்த்ததை முதல்முறையாகக் கை செய்து முடித்தது. ஒரு கையை எடுத்துவிட்டான். அவிழ்த்துவிட்டான்.

பங்களாவுக்குப் பின்னால் நின்ற கற்பூர மரத்தின் காய்ந்த கிளை ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அவ்வளவுதான். நாவல் மரம் அசையக்கூட இல்லை.

"அண்ணே" என்றாள் ராபியா. அவள் கன்னம் மரப்பட்டையில் அழுந்தியிருந்தது. "அண்ணே, ஆடாதீங்க. நான் மாட்டிக்கிறேன்."

அவள் தன் இடுப்பிலிருந்த குட்டைக் கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டினாள். பிறகு அவனுக்கும் மாட்டினாள். தொங்கிக்கொண்டிருந்த பெரிய கயிறுகளை எட்டிப் பிடித்துத் திரும்பவும் கொக்கிகளில் சேர்த்தாள். தங்கவேலு தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் சங்கிலியைப் பற்றிச் சொன்னான். நின்ற இடத்திலேயே, நாலைந்து வார்த்தையில் சொல்லி முடித்தான்.

கீழேயிருந்து ஜெகதீசன் சத்தம் போட்டார். "மேல என்னய்யா நடக்குது? எதுக்கு அந்தப் பொண்ணைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கற?"

கொக்கி கழன்றது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வளவு தூரத்துக்கு எப்படித் தெரியும். ராபியா கீழே பார்த்தாள், பிறகு இவனைப் பார்த்தாள்.

"நான் வழுக்கிட்டேன், நீங்க புடிச்சீங்கன்னு சொல்லிடறேன்" என்றாள் மெதுவாக.

தங்கவேலுவுக்கு உயிர் திரும்பி வந்தது. வீடு திரும்பி வந்தது. பிரியா பங்குனியில் பரீட்சை எழுதுவதும் தெரிந்தது. தலையை ஆட்டினான். ராபியா இறங்க ஆரம்பிக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நாளைக்கு ஒரு குழந்தைய மேல கூட்டிட்டு வர்றீங்க. இதே சத்தம் மறுபடி கேக்குது. உங்க கை என்ன செய்யும்?"

இனிமேல் செய்யாது என்று சொல்ல வாய் வந்தது. இரண்டே வார்த்தை. வாய் வரைக்கும் வந்ததை அவனால் சொல்ல முடியவில்லை. அந்தக் கையை அவனுக்குத் தெரியும்.

"அவுக்கும்ங்க" என்றான்.

ராபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் இறங்கினார்கள். தரையில் கால் பட்டதும் ஜெகதீசன் திரும்பவும் கேட்டார். ராபியா அவன் முகத்தைப் பார்க்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். ஜெகதீசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கேஸாகியிருந்தால் யார் பதில் சொல்வது, பங்களாவையே மூட வேண்டி வந்திருக்குமே என்றார். யாரும் சாகவில்லையே என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வேலை தினகரனுக்கு. தினகரன் நெளிந்துகொண்டு, "நான் வேணும்னு ஒண்ணும் பண்ணலீங்ணா" என்றான். இவன் என்ன பண்ணினான் பாவம். ஒன்றும் பண்ணவில்லை. அதனால்தான் வேலை கிடைத்தது.

ராபியா பாதை வரைக்கும் பின்னால் வந்தாள். "என் மேல கோவமாண்ணே?"

"ஆமாங்க" என்றான் தங்கவேலு. "நீங்க சொன்னதுல தப்பில்ல. ஆனா கோவம் இருக்குதுங்க." மடியிலிருந்த கொக்கியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தான்.

வீட்டில் சின்னம்மை கையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேரட் மண் அவள் நகங்களில் இன்னும் போகவில்லை.

"அந்தப் பொண்ணே பொய் சொல்றேன்னு சொல்லியிருக்குது. நீங்க ஒரு பொய் சொல்றதுக்கென்ன?"

"வரல."

"சங்கிலியண்ணன் செத்தப்ப கை வரல. இப்ப பொய் வரல. உங்களுக்கு எதுதான் வேணுங்கற நேரத்துக்கு வருது?"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். பிரியா உள்ளே புத்தகத்தை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. மறுநாள் அவளே திருப்பூரில் இருக்கும் சித்திக்குக் கடிதம் எழுதினாள்.

ராபியா வேலை முடிந்து ஊட்டிக்குப் போய்விட்டாள். தை இருபத்தைந்தாம் தேதி காலையில் பங்களாவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கவேலு போனான். ஜெகதீசன் நாவல் மரத்தடியில் நின்றார்.

"சனிக்கிழமை முதல் பார்ட்டி வருது. மேல காஞ்ச கிளையெல்லாம் இருக்கு, கெஸ்ட்டு தலையில விழுந்து வெச்சா வம்பு. தினகரனுக்கு ஏறத்தான் தெரியும், வெட்டத் தெரியாது. ஒரு நாள் கூலி தர்றேன், கழிச்சு உட்டுட்டுப் போ."

தங்கவேலு மரத்தைப் பார்த்தான். கயிறுகள் நீலமும் சிவப்புமாகச் சுருட்டி வராந்தாவில் தொங்கின.

"கயிறு குடுக்கறீங்களா?"

"அது கெஸ்ட்டுக்கு வாங்குனதுப்பா. கத்தி கித்தி பட்டா போச்சு. உனக்கெதுக்குக் கயிறு? நீ கொரங்கு மாதிரி ஏறுவியே."

அன்றைக்குத் திரும்பி வந்திருக்கலாம். சாக்கு கட்டுகிற வீட்டில் ஒரு நாள் கூலி என்பது பஸ் செலவு. செருப்பைக் கழற்றிவிட்டு, கத்தியைச் செருகிக்கொண்டு ஏறினான்.

முதல் கிளை, இரண்டாவது கிளை எல்லாம் சுலபமாக விழுந்தன. தினகரன் கீழே நின்று விழுந்ததை இழுத்து ஓரம் போட்டான். தங்கவேலு ஏறி அந்தப் பெரிய கிளைக்கு வந்தான். அன்றைக்கு நின்ற அதே இடம். அதற்கு மேலே ஒரு காய்ந்த கவட்டை நீட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓங்கி நாலு வெட்டு வெட்டினான். ஐந்தாவது வெட்டுக்கு முன்னால் கவட்டை தானாகவே படார் என்று முறிந்தது.

இடது கை மரத்தை விட்டுவிட்டு இடுப்புக்குப் போனது. அவிழ்க்கப் போகவில்லை. கொக்கி மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் போனது. ஒரு மாதம் ராபியா தலைபாடாய் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த பாடம். சத்தம் கேட்டால் முதலில் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றது. பரீட்சை அன்றைக்கு வராத பாடம் இப்போது வந்தது. இடுப்பில் வேட்டி முடிச்சு மட்டும் இருந்தது.

வலது கையில் கத்தி, இடது கை இடுப்பில். நாற்பது அடி உயரத்தில் அவன் கை ஒன்றும் மரத்தில் இல்லை. உடம்பு பின்னால் சாய்ந்தது. கத்தியை விட்டெறிந்து பாய்ந்து மரத்தைக் கட்டிப் பிடித்தான். நெஞ்சுத் தோல் கிழிந்தது. கத்தி போய் தினகரனுக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் குத்தி நின்றது.

இனி எந்த மரத்திலும் தன்னால் பழையபடி ஏற முடியாது என்று அந்த நிமிஷம் தங்கவேலுவுக்குத் தெரிந்தது. கயிறு இல்லாமல் ஏறத் தெரிந்தவனுக்குக் கயிற்றைப் பழக்கிவிட்டு, அதைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். மரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, சங்கிலி, சங்கிலி என்று இரண்டு தடவை சொன்னான். வேறு யாரைக் கூப்பிடுவது?

கீழே ஜெகதீசன் கத்தியைப் புல்லிலிருந்து பிடுங்கி, நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பா, வயசாயிருச்சா? சரி, மேல இன்னும் ஒண்ணு காஞ்சு நிக்குது பாரு. தினகரா, இந்தக் கத்திய நூல்ல கட்டி மேல அனுப்பு."

மணல் பை கட்டின நூல் பெரிய கிளையைத் தாண்டி வந்து விழுந்தது. தினகரன் குறி தவறாமல் எறியப் பழகியிருந்தான். தங்கவேலு நூலை இழுத்துக் கத்தியை வாங்கி, அந்தக் கிளையையும் வெட்டினான்.